உலகம்மாள் மூடி வைத்தது

ஆறுமுகநயினார் தன் மனைவி உலகம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அடுப்படியில் நின்று ஒரு பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாதம், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த காலை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில், கழுத்துக்குக் கீழே கண்ணாடியோடு கண்ணாடியாக ஓடுகிற கோடு வரைக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாயை நிரப்பி, மேலே நல்லெண்ணெய் ஊற்றி, பாட்டில் வாயை முந்தானையால் துடைத்து, இடது கையால் மூடியைப் போட்டு இறுக்கினாள். அவள் இடது கைக்காரி. இறுக்கி முடித்த பிறகும் கடைசியாக ஒரு சின்ன வெட்டு வெட்டுவாள், கோழிக்கு அரிசி வீசுகிற மாதிரி மணிக்கட்டை ஒரு சுண்டு. அந்தச் சுண்டில்தான் மூடி மரைக்குள் போய் உட்காரும். அதற்குப் பிறகு அதை அவளாலேயே திறக்க முடியாது.

"இப்படி இறுக்குனா யாரு திறக்க?" என்று கேட்டார் நயினார்.

"திறக்கத்தான் ஒங்களக் கட்டியிருக்கேன்" என்றாள் அவள். "பதினஞ்சு நாள் ஊறணும். நான் வாரதுக்குள்ள கை வச்சிய, அப்புறம் இந்த வீட்டுல குடியிருக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

அவள் தம்பி சங்கரபாண்டியின் மனைவிக்கு வளைகாப்பு, அதற்கு மூன்று நாள் போய்வரப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நயினார் குடையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவள் போன பஸ், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போவதைப் பார்த்தும் நிற்காமல் இறங்கி, பாதிப் பாலத்தில் சாய்ந்து, ஆற்றோடு போனது. பஸ்ஸில் பீடிக் காலனிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேர் மறுநாளும் அதற்கு மறுநாளும் பிணமாகக் கிடைத்தார்கள். உலகம்மாள் கிடைக்கவில்லை. பஸ் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கூடையோடு ஒரு பெண் இறங்கிப் போனதைப் பார்த்தேன் என்று கரையில் ஒருவன் சொன்னான், அது வேறு பெண் என்று இன்னொருவன் சொன்னான், மூன்றாவது ஆள் வந்து யாருமே இறங்கவில்லை என்று சொன்னான்.

அந்தக் காலனியில் அறுபது வீடு, மூன்று தெரு, எல்லா வீட்டிலும் பீடி சுற்றுகிற பெண்கள். இலை நறுக்கவும் சுருட்டவும் நூல் கட்டவும் அவர்களுடைய விரல்களுக்கு வேகம் இருந்ததே தவிர, இறுகிப்போன மூடியைத் திறக்கிற பலம் இல்லை. அது நயினார் கையில் இருந்தது. முப்பது வருஷம் நெல் மில்லில் பெல்ட் மாட்டி இழுத்த கை, முறம் மாதிரி அகலம். சாயங்காலம் அவர் மில்லிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் மிளகாய்ப்பொடி பாட்டிலோ தேங்காயெண்ணெய் டப்பாவோ மடியில் வைத்துக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். சிலதுக்கு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் திருகுவார், சிலதுக்கு மூடியின் விளிம்பில் கத்தி முதுகால் நாலு தட்டு, சிலதைக் கவிழ்த்து வெந்நீரில் நிறுத்துவார், பெரும்பாலானதைச் சும்மா துண்டைப் போட்டுப் பிடித்து ஒரு திருகு. திறந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், கொண்டு வந்தவள் சிரிப்பாள், உள்ளேயிருந்து உலகம்மாள், "கூலியா ஒரு கரண்டி எடுத்து வச்சுட்டுப் போட்டீ" என்று சத்தம் போடுவாள். இருபது வருஷத்தில் அவர் கைக்குத் திறக்காத மூடி என்று ஒன்று இருந்ததில்லை.

பஸ்ஸோடு போய்க் கிடைத்த மூன்று பேரில் ஒருத்தி ஆவுடைத்தங்கம். அவளை எடுத்த மறுநாள், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போடலாம் என்று பார்த்தால் காப்பிப்பொடி பாட்டில் திறக்கவில்லை, சீனி டப்பா திறக்கவில்லை, அவள் வீட்டில் மரை போட்ட மூடி எதுவுமே திறக்கவில்லை. அவள் புருஷன் காப்பிப்பொடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நயினாரிடம் வந்தான். மனைவி எங்கே என்று தெரியாமல் நாலு நாளாக ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த நயினார், பழக்க தோஷத்தில் கையை நீட்டி வாங்கி, துண்டைப் போட்டுப் பிடித்துத் திருகினார்.

சும்மா இறுகின மூடி ஊமை மூடி. அது கல்லைப் போல இருக்கும், திருகினால் ஒன்று விட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் விட்டுக்கொடுக்காது. இது ஊமையாக இல்லை. அவர் எவ்வளவு பலம் கொடுத்தாரோ அவ்வளவு பலத்தை மூடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பிக் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் தளர்த்தினால் அதுவும் தளர்த்தியது, அழுத்திப் பிடித்தால் அதுவும் அழுத்திப் பிடித்தது. உள்ளே பார்த்தால் காப்பிப்பொடி மட்டும் அசையாமல் இருந்தது. அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது திறக்காதுய்யா" என்று மட்டும் சொன்னார். மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் அன்றைக்கே பாட்டில்கள் வந்தன. அவையும் அப்படித்தான் இருந்தன. மூடிக்குள் இருந்த அந்தப் பிடியைப் பற்றி நயினார் அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பாட்டில்களைக் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தவர் அடுப்படித் தட்டில் இருந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைத் தொடாமல் வெளியே வந்துவிட்டார்.

காலனி இதைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மார்கழியில் ஒருவர், மாசியில் இருவர் என்று இயல்பாகச் செத்தவர்கள் மூடி வைத்த மூடிகளும் திறக்காமல் போனபோது, ஒருவர் கடைசியாக மூடியது அவர் இருக்கிற வரைக்கும்தான் திறக்கும் என்பது மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. உடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கண்ணாடி சாதாரணமாகத்தான் உடைந்தது. ஆனால் உள்ளே இருந்த மிளகாய்ப்பொடியில் காரம் இல்லை, சீனியில் இனிப்பு இல்லை, வாயில் போட்டால் வெறும் மண். ஆகவே உடைப்பதை விட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசில்லாமல் எறியவும் கை வராமல், முதல் தெருக் கடைசியில் கட்டி முடித்துத் திறக்காமலே கிடந்த நூலகக் கட்டடத்துக்குள் கொண்டுபோய், புத்தகம் வைக்கப் போட்டிருந்த இரும்புத் தட்டுகளில் பேர் எழுதி ஒட்டி அடுக்கினார்கள். மத்தியான வெயிலில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு, உள்ளே எங்கேயோ ஒரு மூடி இன்னும் கொஞ்சம் இறுகுகிற சத்தம் கேட்கும். கேட்டவர்கள் செருப்பை வேகமாக எடுத்து வைப்பார்களே தவிர நின்று பார்க்க மாட்டார்கள்.

விஏஓவிடம் போய் இதைச் சொன்னபோது, மூடி திறக்கவில்லை என்று எழுத அவருடைய ஃபாரத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். காலனி அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெளியூர் போகிறவர்கள் புறப்படும்போது ஒரு பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் போவது வழக்கமானது. கல்யாணமாகிப் போகிற பெண் அம்மா வீட்டில் ஒன்று மூடி வைத்தாள், துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிறவன் பெட்டியைத் தூக்குமுன் ஒன்று மூடி வைத்தான். ஆனால் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று அந்தப் பாட்டிலை ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும். திறந்துவிட்டால் திரும்ப மூடுகிறவளின் மூடியாகிவிடும். அதனால் பெண்கள் அதை மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கடிதம் வராத மாதங்களிலும் போன் வராத வாரங்களிலும், கேட்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தார்கள்.

வயதானவர்களை மரை மூடியைத் தொட விடக்கூடாது என்பதும் வழக்கமானது. நயினாரின் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி தன் மாமனார் கந்தப்பனிடம், "மாமா, நீங்க எதை எடுத்தாலும் ஒரு தட்டைப் போட்டு மூடுங்க, திருகாதீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். எண்பது வயசுக் கந்தப்பன் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நான் இருக்கையிலேயே எனக்குத் திதி குடுத்துட்டா எம் மருமவ" என்று சொல்லிச் சிரித்தார். அவளைப் பழிவாங்க உப்பு ஜாடி, புளி டப்பா எல்லாவற்றையும் ரகசியமாகத் திருகி வைப்பார். அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவாள்.

இதற்கெல்லாம் நடுவில் நயினாரின் கை வேறு ஒரு கையாகிவிட்டது. மூடி சும்மா இறுகியிருக்கிறதா, இல்லை அந்த இறுக்கமா என்று தீர்மானமாகத் தெரிந்துகொள்ள எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். நயினாரால் திறக்க முடியவில்லை என்றால் அவ்வளவுதான், வீட்டில் போய் அழலாம். இதனால் வெறும் மிளகாய்ப்பொடி பாட்டிலோடு சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். கோயில் கொடை விழாவில் அவர் சோறு பரிமாற வந்தால் இலையை மடக்கிவிட்டு எழுந்தவர்கள் உண்டு. அவர் அதற்குப் பிறகு பரிமாறப் போகவில்லை.

அவர் வீட்டு அடுப்படித் தட்டில் இருந்த அந்த ஒரு பாட்டிலை அவர் தொடவில்லை. துடைக்கிறபோது மூடி அசைந்துவிடுமோ என்று பயந்து அதைத் துடைக்கவும் இல்லை. ஒன்பது வருஷத்துப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி அது கறுத்துப்போய் நின்றது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் சங்கரபாண்டி வந்து அதற்கு முன்னால் உட்காருவான்.

"அத்தான், அக்காளுக்கு ஒரு வாய் தண்ணி விடணும்லா. தாகத்தோட எங்க அலையுதாளோ."

"அலையுதான்னு யாரு மாப்பிள சொன்னா? எங்கயாவது சோறு பொங்கிக்கிட்டு இருப்பா."

"அப்பம் திறந்து பாத்துருவோம். காலனிக்கே சொல்லுதிய. ஒங்க வீட்டுதுக்கு மட்டும் கை நீள மாட்டேங்குது."

"ஊறட்டும்" என்பார் நயினார்.

சங்கரபாண்டி எழுந்து தனியாக ஆற்றுக்குப் போய், தன் அப்பா அம்மாவுக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு பஸ் ஏறுவான்.

பத்தாவது வருஷம் பங்குனியில் கந்தப்பன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவர் போனதும் திறக்காமல் ஆனது அவருடைய மூக்குப்பொடி டப்பா ஒன்றே ஒன்றுதான் என்று முத்துப்பேச்சி நயினாரிடம் பெருமையாகச் சொன்னாள். "இருவது வருஷம் பின்னாலயே திரிஞ்சு மூடுன மாதிரி இருக்கு, அண்ணாச்சி. கையெல்லாம் ஓஞ்சு போச்சு." பொடி டப்பாவை நூலகத்தில் வைத்தார்கள்.

அவளுடைய மகன் மாசானமுத்து மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான். அந்த வைகாசியிலிருந்து அவன் போன் வரவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணி பிறந்த அன்று காலையில் முத்துப்பேச்சி மஞ்சள் துணி சுற்றின பாட்டிலோடு வந்தாள். அவன் போகும்போது பனங்கற்கண்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போன பாட்டில்.

"இன்னும் ஒரு மாசம் பொறு, பேச்சி."

"பொறுத்துப் பொறுத்து தொண்டைக்குக் கீழ சோறு இறங்கல, அண்ணாச்சி. கேட்டுருங்க."

துணியை அவிழ்க்காமல் மூடியை மட்டும் வெளியே விட்டு நீட்டினாள். நயினார் வாங்கினார். துண்டுகூடப் போடவில்லை, வெறுங்கையால் பிடித்துத் திருகினார். மூடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிடி வந்தது. அவர் இன்னும் ஒரு தடவை திருகிப் பார்க்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அதில் ஏதோ தளும்பிவிடும் என்கிற மாதிரி மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் சத்தம் வந்தது.

உடம்பு வராத சாவுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தார்கள். பதினாறாம் நாள் மொட்டை போட்டார்கள், மஸ்கட்டுக்குப் போன அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி முதல் தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நாற்பத்தி மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே ஷேர் ஆட்டோவிலிருந்து மாசானமுத்து இறங்கினான். கம்பெனியை மூடிவிட்டார்களாம், போனையும் பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு நாற்பது பேரை ஒரே கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அவன் தலையைத் தூக்கி ஃப்ளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"யாருலே இந்தப் போட்டோவைக் குடுத்தது?" என்று டீக்கடையைப் பார்த்துக் கேட்டான். "இதுல எனக்கு ஒரு கண்ணு மூடியிருக்கு."

முத்துப்பேச்சி அவனை விளக்குமாற்றால் இரண்டு அடி அடித்துவிட்டு, பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள். தெரு முழுக்க அந்த வீட்டுக்குள் நின்றது. அவனைத் தொட்டுப் பார்த்தார்கள், கிள்ளிப் பார்த்தார்கள். பிறகு எல்லார் கண்ணும் நயினாரிடம் போயிற்று. அவர் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முத்துப்பேச்சி பாட்டிலைக் கொண்டு வந்து முதல் தடவையாக மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"பாதிதான் இருக்கு" என்றான் மாசானமுத்து. "நான் வாய் வரைக்கும் ரொப்பில்லா வச்சுட்டுப் போனேன்."

பிறகு ஒவ்வொருவராகச் சுவரில் மாலை போட்டுத் தொங்கிய கந்தப்பனின் படத்தைப் பார்த்தார்கள். இனிப்பு என்றால் உயிரை விடுகிற மனுஷன். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, துணியை அவிழ்த்து, கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பேரன் மூடின மூடியைத் தன் கையால் மூடி வைத்திருக்கிறார்.

"சிரிச்ச மாதிரியே இருக்கு பாரு, களவாணிக் கிழவன்" என்றாள் முத்துப்பேச்சி. கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆயிற்று.

நயினார் சிரிக்கவில்லை. ஆவணி முதல் தேதி காலையில் மூடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிடியை அவர் நினைத்துப் பார்த்தார். அதில் ஒரு நடுக்கம் இருந்தது, காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போது கந்தப்பன் கையில் இருக்குமே அந்த நடுக்கம். பயத்தில் அன்றைக்கு அது உறைக்கவில்லை. அப்படியானால் அந்தப் பிடிகள் எல்லாம் ஒரே பிடி இல்லை, ஒவ்வொன்றும் ஒரு ஆளின் கை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி ஒரு கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க மாமா ஒங்க வீட்டுக்கும் வந்து போவாருல்லா. நீங்க மில்லுல இருப்பிய. கதவு சாத்தாத வீடு."

"வருவாரு."

"கற்கண்டுக்குப் போன கை ஊறுகாய்க்கும் போயிருக்கும்."

நயினார் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இனிமே நீங்க பயப்பட ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. அது திறந்துச்சுன்னா மதினி எங்கயோ இருக்காவ. திறக்கலைன்னா எங்க மாமா. ரெண்டுல எதுன்னாலும் ஒங்களுக்குக் கெட்ட சேதி இல்ல. எம் மவன் திரும்பி வந்துட்டாம்லா, அந்தச் சூட்டோட கேட்டுருங்க. நான் இங்கன நிக்கேன்."

நயினார் கேசரிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய், பத்து வருஷமாக நகராத பாட்டிலைத் தட்டிலிருந்து எடுத்தார். அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. ஜன்னல் பக்கம் வந்து, துண்டு போடாமல், டியூப் சுற்றாமல், வெறுங்கையை மூடியின் மேல் வைத்தார். வைத்து, குழந்தையின் தலையைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருகினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஊமை மூடி மாதிரி இருந்தது. அவர் மூச்சை விட்டார். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து பிடி வந்தது. நடுக்கம் இல்லாத பிடி, பீடி இலையின் சொரசொரப்பு ஏறின விரல்களின் பிடி. அவர் திருகியதை அது திருப்பித் திருகி, திருகி முடித்த பிறகு, கடைசியில், ஒரே ஒரு சுண்டு சுண்டியது.

"என்ன அண்ணாச்சி?" என்று வாசலிலிருந்து கேட்டாள் முத்துப்பேச்சி.

நயினார் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றார்.

"திறக்கல" என்றார். "ஒங்க மாமன் கைதான். நடுங்குது."

"நான் சொல்லல?" முத்துப்பேச்சிக்கு முகமெல்லாம் விரிந்துவிட்டது. "ஊறுகாயைக்கூட விட்டு வைக்கல பாருங்க அந்தக் கிழவன்" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், உலகம்மாளின் பாட்டிலைக் கடைசியாக மூடினது கந்தப்பன்தான் என்பதும், ஆகவே உலகம்மாள் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்பதும் மூன்று தெருவுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பெண்கள் பழையபடி மிளகாய்ப்பொடி பாட்டில்களோடு நயினார் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். கற்கண்டு பாட்டிலில் தப்பாகச் சொன்ன கையைக் கண்டு இனி யாருக்கும் பயமில்லை. அவரும் துண்டைப் போட்டுத் திறந்து கொடுத்தார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குச் சங்கரபாண்டி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நயினார் வேட்டியை மாற்றிக்கொண்டு, எள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சங்கரபாண்டி அவரைப் பார்த்தான், பிறகு அடுப்படித் தட்டைப் பார்த்தான்.

"தெருவுக்குத் தெரியாண்டாம், மாப்பிள" என்றார் நயினார்.

இரண்டு பேரும் தரைப்பாலத்துக்குக் கீழே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, இந்தத் தடவை அப்பா அம்மாவோடு சேர்த்து மூன்று பேருக்கும் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். சங்கரபாண்டி கரை ஏறுகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தான்.

நயினார் மில் வேலையை விட்டுவிட்டார். விரல் மூட்டுகள் வீங்கி, சாதாரண மூடிகளையே இப்போது அவரால் திறக்க முடிவதில்லை. பெண்கள் மாசானமுத்துவிடம் கொண்டு போகிறார்கள். தினமும் விளக்குப் பொருத்துகிற நேரத்தில் நயினார் அந்தப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் மேல் கையை வைத்து ஒரே ஒரு தடவை திருகுவார். பிறகு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார். ஆற்றுக்குப் போய்வந்த அன்று ஈரத் துணியால் அதை நன்றாகத் துடைத்துவிட்டார், அதனால் இப்போது கண்ணாடிக்குள் இருப்பது தெரிகிறது. ஊறுகாய் கறுத்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே உள்ள கோடு வரைக்கும் இருக்கிறது. ஒரு துண்டு குறையவில்லை.